முதல் சுற்றை எதில் கட்டுவது: பிரெட்போர்டா, டாட் போர்டா, கிட்டா, கணினியா?

மின்னணுவியலைப் புதிதாகக் கற்க விரும்புகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, பெரும்பாலும் எதை வாங்குவது என்பதாகவே இருக்கிறது. பாலக்கோட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் மகனுக்காக ஒரு தந்தை கேட்டார். கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் முதலாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர், கல்லூரி ஆய்வகத்தில் வாரத்திற்கு ஒருமுறை மட்டுமே கைவைக்க முடிகிறது என்பதால் வீட்டிலேயே செய்து பார்க்க வழி கேட்டார். ஊத்தங்கரைப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பேரப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் சொல்லிக்கொடுக்க என்ன வாங்கலாம் என்றார். மூவருக்கும் முன்னால் நான்கு வழிகள் இருந்தன: பிரெட்போர்டில் செருகிப் பார்ப்பது, டாட் போர்டில் சால்டரிங் செய்வது (ஈயத்தை உருக்கிப் பற்றவைப்பது), எல்லாம் அடங்கிய கிட் ஒன்றை வாங்குவது, எதையுமே வாங்காமல் கணினித் திரையில் செய்து பார்ப்பது. மூவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றாக இருக்கவில்லை. அந்தப் பதில்களுக்கு எப்படி வந்தேன் என்பதைத்தான் இங்கே விளக்கமாக எழுதுகிறேன்.

எவற்றை வைத்து எடை போடுவது

முதலாவது செலவு. பொருளின் விலையை மட்டும் செலவாகக் கொள்ளக் கூடாது. தருமபுரியிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ ஒரு டிரான்சிஸ்டருக்காகச் சேலத்திற்கோ, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டிற்கோ போய்வருகிறவருக்கு, இரண்டு ரூபாய்ப் பொருளைவிடப் பேருந்துக் கட்டணமே பல மடங்கு ஆகிறது. இரண்டாவது, சுற்று வேலை செய்யாதபோது பிழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அந்த வழி இடம் கொடுக்கிறதா என்பது. மூன்றாவது, செய்து முடித்த சுற்று எத்தனை நாள் உழைக்கும் என்பது. நான்காவது பாதுகாப்பு.

இந்த நான்கையும் நான் சம எடையில் வைப்பதில்லை. இரண்டாவதற்கே மிகுந்த எடை தருகிறேன். முதல் முயற்சியிலேயே எரிந்த எல்இடி மகிழ்ச்சி தரும், ஆனால் கற்றுத் தருவது குறைவு. எரியாத எல்இடியை எரிய வைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் மின்னழுத்தம் என்றால் என்ன, மின்னோட்டம் எந்த வழியாகப் போகிறது என்பதெல்லாம் மனத்தில் பதிகின்றன. ஆகவே, பிழையைத் தேட விடாத வழி எவ்வளவு மலிவாக இருந்தாலும் கற்பவருக்கு அது விலை கூடிய வழிதான்.

ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட சுற்று

நான்கு வழிகளையும் ஒரே சுற்றை வைத்துப் பார்த்தால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். நம் மாவட்டங்களில் எல்லா வீட்டிற்கும் பயன்படக்கூடியது மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் ஒலிக்கும் அலாரம். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, தண்ணீர் மொட்டை மாடியில் வழிந்து வீணாவது, தண்ணீருக்குத் தவிக்கும் ஊர்களில் மனம் பொறுக்காத காட்சி.

இதற்கு வேண்டியவை மிகச் சில: பிசி547 டிரான்சிஸ்டர் (சிறு மின்னோட்டத்தைப் பெருக்கும் மூன்று கால் பொருள்) ஒன்று, 10கே ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது; கே என்றால் ஆயிரம் ஓம்) ஒன்று, 100கே ஒன்று, 1கே ஒன்று, சிவப்பு எல்இடி ஒன்று, 9 வோல்ட்டில் ஒலிக்கும் சிறிய பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி, தொட்டிக்குள் தொங்கவிட இரண்டு கம்பிகள். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு கம்பி தொட்டியின் மேல் விளிம்பருகே போகிறது. அதன் பக்கத்தில் தொங்கும் இரண்டாவது கம்பி 10கே ரெசிஸ்டர் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸ் முனைக்கு வருகிறது. எமிட்டர் என்ற முனை பேட்டரியின் எதிர்முனைக்குச் செல்கிறது. நேர்முனைக்கும் கலெக்டர் என்ற மூன்றாவது முனைக்கும் இடையே பஸ்ஸரும், அதற்கு இணையாக 1கே ரெசிஸ்டரோடு எல்இடியும் இருக்கின்றன. பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையில் வைக்கும் 100கே, மாடியிலிருந்து சமையலறை வரை வரும் நீண்ட கம்பி சுற்றுப்புற மின் இரைச்சலை வாங்கி அலாரத்தை வீணாகத் தூண்டிவிடாமல் காக்கிறது.

தண்ணீர் இரு கம்பிகளையும் தொட்டதும், மில்லி ஆம்பியரில் ஒரு சிறு பகுதி அளவு மின்னோட்டம் பேஸுக்குள் நுழைகிறது. டிரான்சிஸ்டர் அதை நூறு மடங்குக்கு மேல் பெருக்கிப் பஸ்ஸரை ஒலிக்கச் செய்கிறது. எல்இடிக்கான கணக்கும் எளிதுதான். சிவப்பு எல்இடி ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, மீதமுள்ள 7 வோல்ட்டை 1000 ஓம் தாங்குவதால், 7 மில்லி ஆம்பியர் ஓடுகிறது.

பிரெட்போர்டு

வெள்ளை நிறப் பிளாஸ்டிக் பலகை, அதில் 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் துளைகள். சிறியதில் 400 துளைகளும் பெரியதில் 830 துளைகளும் இருக்கும். நடுப்பகுதியில் ஒரு வரிசையின் ஐந்து துளைகள் உள்ளே ஒரே உலோகக் கவ்வியால் இணைந்திருக்கின்றன. நடுவில் ஓடும் பள்ளம், எட்டுக்கால் ஐசி (ஒரு முழுச் சுற்றையே உள்ளடக்கிய சில்லு) ஒன்றின் இரு பக்கக் கால்களும் ஒன்றோடொன்று இணைந்துவிடாமல் பிரிக்கிறது. பழைய காலத்தில் ரொட்டி வெட்டும் மரப் பலகையில் ஆணி அடித்துச் சுற்றுகளைக் கட்டியதால் வந்த பெயர் இது. சால்டரிங் தேவைப்படாத இன்றைய வடிவம் 1970களில் பரவியது.

இதன் பெருமை முழுவதும் மாற்றிப் பார்க்க முடிவதில் இருக்கிறது. நேரம் கணிக்கும் 555 ஐசியை வைத்து எல்இடியை விட்டு விட்டு எரியச் செய்யும் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 10கே, 68கே ரெசிஸ்டர்களோடு, மின்னூட்டத்தைச் சேமிக்கும் 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியை வைத்தால் நொடிக்கு ஏறத்தாழ ஒருமுறை மின்னும். மின்தேக்கியைப் பிடுங்கிவிட்டு 100 மைக்ரோவைச் செருகினால் பத்து நொடிக்கு ஒருமுறை மின்னும். 1 மைக்ரோவைச் செருகினால் நொடிக்குப் பத்து முறை துடிக்கும். மின்தேக்கியின் மதிப்பும் காலமும் சேர்ந்தே கூடிக் குறைகின்றன என்பதைப் பாடநூலில் ஒரு பக்கம் விளக்குவதைவிட, இந்த மூன்று செருகல்கள் தெளிவாகக் காட்டிவிடும். (கடைக்குப் போகும்போது மின்தேக்கி என்று கேட்காதீர்கள். "கண்டென்சரா தம்பி? எத்தனை மைக்ரோ, எத்தனை வோல்ட்?" என்றுதான் நம் ஊர் ரேடியோ, டிவி மெக்கானிக்குகள் கேட்பார்கள். இரண்டுக்கும் பதில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.)

நம் தொட்டி அலாரத்திலும் இதே வசதி ஒரு மாணவருக்குக் கைகொடுத்ததை அருகிலிருந்து பார்த்தேன். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்து இரு கம்பிகளையும் விட்டார். பஸ்ஸர் கொசு ரீங்காரம்போல் மெலிதாக முனகியது. டிரான்சிஸ்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்றை மாற்றினார். அப்போதும் அதே முனகல். தம்ளரில் இருந்தது சமையலறை ஆர்ஓ கருவியின் தண்ணீர். உப்புகள் நீக்கப்பட்ட அந்தத் தண்ணீர் மின்சாரத்தைக் குறைவாகவே கடத்தும். பின்பக்கக் குழாயிலிருந்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து வந்து அதே கம்பிகளை விட்டதும் பஸ்ஸர் அலறியது. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் ஃபுளோரைடும் பிற உப்புகளும் கரைந்து கடினமாக இருப்பது குடிப்பவருக்குத் தீமை. இந்தச் சுற்றுக்கு மட்டும் அது உதவியாக அமைந்தது. ஆர்ஓ தண்ணீருக்கும் அலாரம் ஒலிக்க வேண்டுமென்று அந்த மாணவர் இன்னொரு பிசி547ஐச் சேர்த்து, முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டரை இரண்டாவதன் பேஸில் இணைத்து, டார்லிங்டன் இணையாக (ஒன்று பெருக்கியதை மற்றொன்று மேலும் பெருக்கும் ஜோடியாக) மாற்றினார். இரண்டே நிமிட வேலை. இந்த இரண்டு நிமிடத்தை மற்ற மூன்று வழிகளிலும் தேடிப் பார்ப்போம். ஒப்பீட்டின் சாரம் அதில் இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. விலை குறைந்த பலகைகளில் கவ்விகள் விரைவில் தளர்ந்துவிடுகின்றன. 1என்4007 போன்ற தடித்த கால் கொண்ட டையோடுகளை அடிக்கடி செருகினால் அந்தத் துளை பிறகு மெல்லிய ரெசிஸ்டர் காலைப் பிடிக்காது. சில 830 துளைப் பலகைகளில் ஓரத்து மின்வழிக் கோடு நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும். பலகையின் மேல் அச்சிட்ட சிவப்புக் கோடும் அந்த இடத்தில் விட்டுப் போயிருக்கும். அதைக் கவனிக்காமல் ஒரு மாலை முழுவதும் நான் நல்ல ஐசி ஒன்றைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். புதிய பலகையை வாங்கியதும் முதல் வேலையாக மின்னழுத்தம் முதலியவற்றை அளக்கும் மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் (இரு இடங்கள் இணைந்திருக்கின்றனவா என்று காட்டும் அமைப்பில்) வைத்து, எந்தத் துளை எதனோடு இணைந்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

கம்பிகளுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. இணைய இணைப்புப் பொருத்துபவர்கள் வெட்டிப் போடும் லேன் கேபிள் துண்டில், ஒற்றை இழைச் செம்புக் கம்பிகள் எட்டு வண்ணங்களில் கிடைக்கும். ஆயத்தமாக விற்கும் வளையும் பேட்ச் கார்டுக்குள் பல இழைக் கம்பிதான் பெரும்பாலும் இருப்பதால் அது செருகலுக்கு ஒத்துவராது.

பிரெட்போர்டில் அரை ஆம்பியருக்கு மேல் ஓட்டாமல் இருப்பது நல்லது. வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டை எக்காரணம் கொண்டும் அதில் கொண்டுவரக் கூடாது.

டாட் போர்டும் சால்டரிங்கும்

டாட் போர்டு, அதே 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் துளைகளும் அடியில் செம்பு வளையங்களும் கொண்ட அட்டை. பொருள்களை மேலிருந்து செருகி, அடியில் ஈயம் பற்றவைத்து, கம்பியாலோ ஈயத்தாலோ இணைப்புகளைப் போட வேண்டும். அட்டையின் விலை மிகக் குறைவு என்பதால் இதுதான் மலிவான வழி என்று தோன்றும். ஆனால் அதோடு 25 வாட் சால்டரிங் அயர்ன், அதை வைக்கும் தாங்கி, ஈயக் கம்பி, ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ், தவறை எடுக்க ஈயம் உறிஞ்சும் பம்ப், கட்டர் என்று சேரும்போது முதல் நாள் செலவு பிரெட்போர்டைத் தாண்டிவிடும்.

இன்னொரு செலவு நேரம். நல்ல இணைப்பு போடும் கை வருவதற்குக் குறைந்தது ஐம்பது இணைப்புகளாவது வீணாக வேண்டும் என்பது என் கணிப்பு. அயர்னின் நுனியால் செம்பு வளையத்தையும் பொருளின் காலையும் சேர்த்து இரண்டு நொடி சூடாக்கி, ஈயத்தை நுனியில் வைக்காமல் சூடான இணைப்பில் தொட வேண்டும். ஈயம் உருகிக் காலைச் சுற்றிச் சிறு மலைச்சரிவுபோல் படர்ந்ததும், முதலில் ஈயக் கம்பியையும் பிறகு அயர்னையும் எடுக்க வேண்டும். வெள்ளீயமும் காரீயமும் 63க்கு 37 என்று கலந்த ஈயக் கம்பி 183 டிகிரி செல்சியஸில் உருகும். அதில் போட்ட நல்ல இணைப்பு பளபளப்பாக இருக்கும். உருண்டையாக, மங்கலாக, காலோடு ஒட்டாமல் நிற்பதுதான் மெக்கானிக்குகள் சொல்லும் டிரை சோல்டர். அதிக நேரம் சூடாக்கினால் செம்பு வளையம் அட்டையிலிருந்து உரிந்து வந்துவிடும். பழுப்பு நிற அட்டையில் இது பச்சை நிறக் கண்ணாடியிழை அட்டையைவிட விரைவில் நிகழும்.

என் வீட்டில் பொருத்திய முதல் அலாரம் மூன்று மாதம் ஒழுங்காக ஒலித்தது. பிறகு ஒருநாள் தொட்டி வழிந்தும் ஒலிக்கவில்லை. பெட்டியைத் திறந்து பேனா முனையால் ஒவ்வொரு பொருளாகத் தட்டினேன். 10கே ரெசிஸ்டரைத் தட்டியபோது ஒரு கணம் ஒலித்து நின்றது. பூதக்கண்ணாடியில் பார்த்தால், அந்தக் காலைச் சுற்றி மயிரிழை போன்ற ஒரு கருப்பு வளையம் தெரிந்தது. நான்தான் அவசரத்தில் போட்ட இணைப்பு அது. அயர்னை மீண்டும் வைத்துப் புதிதாகக் கொஞ்சம் ஈயம் கொடுத்த பின், அந்த இடத்தில் மறுபடி கோளாறு வரவில்லை.

தொடக்கநிலையாளர் அடிக்கடி செய்யும் இன்னொரு தவறு, மேல்பக்கம் வரைந்த படத்தைப் பார்த்துக்கொண்டே அடிப்பக்கம் இணைப்பது. அட்டையைத் திருப்பியதும் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிவிடும். பிசி547இன் தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்போது இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று வரும். அடியிலிருந்து பார்த்து இணைத்தால் கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறிப் போகும். பிசி547க்குப் பதிலாகக் கடையில் பிஎன்2222ஏ கொடுத்தால் அதன் கால் வரிசையே தலைகீழ்: எமிட்டர், பேஸ், கலெக்டர். பிரெட்போர்டில் இந்தத் தவறைப் பிடுங்கித் திருப்பிச் செருகினால் போதும். இங்கே மூன்று கால்களின் ஈயத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்குள் டிரான்சிஸ்டரோ அட்டையோ ஒன்று பழுதாகிவிடும்.

டார்லிங்டன் மாற்றத்திற்கு இங்கே இரண்டு நிமிடம் போதாது. பழகிய கைக்கு இருபது நிமிடம் ஆகும். பழகாத கைக்கு ஒரு மாலை ஆகும்.

ஆனால் உழைப்பு என்ற அளவுகோலில் டாட் போர்டை மற்றவை நெருங்க முடியாது. அசைவு, தூசி, மாடிக்கும் வீட்டிற்கும் இடையே இழுபடும் கம்பி, பூனை தட்டிவிடுவது என எல்லாவற்றையும் தாங்கி ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும். பாதுகாப்பில் கவனம் கூடுதலாக வேண்டும். சன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும். எழும் புகை ஃப்ளக்ஸினுடையது, அதை நேராக முகரக் கூடாது. காரீயம் கையில் படிவதால் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது. பத்து வயதுக் குழந்தையிடம் அயர்னைத் தனியாக விட்டுச் செல்லக் கூடாது.

கிட்

அச்சிட்ட சுற்றுப் பலகை, எண்ணிக் கொடுத்த பொருள்கள், எந்த இடத்தில் எதைச் செருகுவது என்ற குறிப்பு ஆகியவை ஒரே உறையில் வரும். பலகையிலேயே ஆர்1 (முதல் ரெசிஸ்டர்), சி1 (முதல் கண்டென்சர்) என்று இடம் குறித்திருப்பதால் தவறு குறைகிறது. முடித்ததும் பார்க்க அழகாக இருக்கிறது. இணையத்தில் ஆர்டர் செய்தால் வீடு தேடி வருவதால், பெரிய கடை இல்லாத ஊரில் இருப்பவருக்கு இது உண்மையான நன்மை.

குறை என்னவென்றால், குறிப்பைப் பின்பற்றிச் செருகியவர் அந்த ரெசிஸ்டர் ஏன் 10கே என்று ஒருமுறைகூட யோசிக்கத் தேவை ஏற்படுவதில்லை. பல மலிவான கிட்களில் சுற்றின் வரைபடமே இருக்காது. அப்படியானால் வேலை செய்யாதபோது தேடத் தொடங்கவும் இடமில்லை. டார்லிங்டன் இணையாக மாற்றுவதற்குப் பலகையில் இடமே இருக்காது. ஒரு பொருள் கீழே விழுந்து தொலைந்தால், ஐந்து ரூபாய்ப் பொருளுக்காக முந்நூறு ரூபாய்க் கிட் காத்துக் கிடக்கும். வாங்கும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: சுற்று வரைபடம் இருக்கிறதா? இல்லையென்றால் அதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

கணினியில் சிமுலேட்டர்

ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் டிங்கர்கேட், ஃபால்ஸ்டாட் எனப்படும் சுற்று சிமுலேட்டர் ஆகிய இரண்டும் இலவசமாக இணைய உலாவியிலேயே இயங்குகின்றன. இன்னும் ஆழமாகப் போக விரும்புபவருக்கு எல்டிஸ்பைஸ் இலவசமாகக் கிடைக்கிறது. 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்பைஸ் நிரலின் வழித்தோன்றல் அது.

இவை கொடுக்கும் ஒன்றை மற்ற மூன்றும் கொடுக்க முடியாது: கண்ணுக்குத் தெரியாத மின்னோட்டத்தைக் கண்ணுக்குக் காட்டுவது. ஃபால்ஸ்டாடில் கம்பிகளின் மேல் மஞ்சள் புள்ளிகள் ஊர்ந்து செல்லும். ரெசிஸ்டரின் மதிப்பைக் கூட்டினால் அவை மெதுவாகும். டிங்கர்கேட்டில் ரெசிஸ்டர் இல்லாமல் எல்இடியை 9 வோல்ட்டில் இணைத்தால் அதன் மேல் வெடிப்புக் குறி தோன்றும். ஆயிரம் முறை எரித்தாலும் காசு செலவில்லை.

ஆனால் திரைக்குள் தண்ணீர் இல்லை. தண்ணீரின் இடத்தில் நாம் ஒரு ரெசிஸ்டரை வைக்கிறோம். அதற்கு என்ன மதிப்பு கொடுப்பது என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். உண்மையான தண்ணீரில் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் வைத்துப் பாருங்கள்: எண் ஒரு இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் நேர் மின்னோட்டம் பாயப் பாய முனைகளின் மேற்பரப்பிலேயே வேதி மாற்றம் நிகழ்கிறது. அதனால்தான் செம்புக் கம்பியைத் தொட்டிக்குள் விட்டால் நேர்முனை கொஞ்ச நாளில் பச்சை பூத்து அரித்துப் போகிறது. குடிக்கும் தண்ணீர் என்பதால், துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளையே முனைகளாக வைக்க வேண்டும். இதை எந்தச் சிமுலேட்டரும் சொல்லித் தராது. அங்கே கவ்வி தளர்வதில்லை, பேட்டரி இறங்குவதில்லை, டிரை சோல்டர் இல்லை. டார்லிங்டன் மாற்றத்தை அரை நிமிடத்தில் செய்யலாம். ஆனால் அது ஏன் தேவை என்ற கேள்வியே எழுந்திருக்காது.

மறைமுகச் செலவு கணினிதான். கைப்பேசியிலும் செய்யலாமென்றாலும், சிறிய திரையில் விரலால் கம்பி இழுப்பது பொறுமையைச் சோதிக்கும்.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

கீழே உள்ள தொகைகள் ஏறத்தாழக் கணக்கிட்டவை. கடைக்குக் கடை மாறும். முதல் இரண்டிலும் சாதாரண மல்டிமீட்டரின் விலையையும் சேர்த்திருக்கிறேன், ஏனென்றால் அது இல்லாமல் பிழை தேட முடியாது.

| அளவுகோல் | பிரெட்போர்டு | டாட் போர்டு | கிட் | சிமுலேட்டர் |
|---|---|---|---|---|
| தொடக்கச் செலவு | ரூ. 600–900 | ரூ. 1000–1500 | ரூ. 150–500, சால்டரிங் கருவி தனி | கணினி இருந்தால் எதுவுமில்லை |
| மறைந்த செலவு | தளரும் கவ்வி, கடைக்குப் போய்வரும் செலவு | பழகும் காலம், வீணாகும் பொருள் | தொலைந்த பொருள், மாற்ற முடியாமை | உண்மைப் பொருளோடு பழக்கமின்மை |
| பிழை தேட இடம் | மிகுதி | உண்டு, திருத்துவது கடினம் | வரைபடம் இருந்தால் மட்டும் | கருத்துப் பிழைக்கு மிகுதி, கைப் பிழைக்கு இல்லை |
| உழைப்பு | சில வாரம் | ஆண்டுக்கணக்கு | ஆண்டுக்கணக்கு | பொருந்தாது |
| டார்லிங்டன் மாற்றம் | 2 நிமிடம் | 20 நிமிடம் முதல் ஒரு மாலை | இயலாது | அரை நிமிடம் |
| பாதுகாப்பு | பேட்டரியில் மிக நன்று | சூடு, புகை, காரீயம் | சால்டரிங் போலவே | ஆபத்தில்லை |

யாருக்கு எது

பாலக்கோட்டுத் தந்தைக்கு 830 துளைப் பிரெட்போர்டு ஒன்றும், தொடர்ச்சிச் சோதனையில் ஒலியெழுப்பும் மல்டிமீட்டர் ஒன்றும் வாங்கச் சொன்னேன். பொருள்களை ஒரே பயணத்தில் வாங்கும்போது, ரெசிஸ்டரில் 330 ஓம், 1கே, 10கே, 100கே என்ற நான்கு மதிப்புகளில் பத்துப் பத்தாகவும், பிசி547இல் பத்தும் எடுத்துக்கொண்டால் ஓராண்டுக்கு மறுபயணம் தேவைப்படாது. மகனின் பள்ளியில் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருந்தால் இதில் பெரும்பகுதியை வாங்கவே வேண்டியதில்லை. நடுவண் அரசின் அடல் புத்தாக்கத் திட்டத்தில் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கென்றே அமைத்த ஆய்வகம் அது. பூட்டி வைத்திருந்தால் திறக்கச் சொல்லிக் கேட்கப் பெற்றோருக்கு உரிமையுண்டு.

பாலிடெக்னிக் மாணவிக்கு முதலில் சிமுலேட்டர், அடுத்த மாதத்திலேயே டாட் போர்டு என்றேன். அவருக்குக் கருத்து ஓரளவு தெரியும்; கணினியும் இருக்கிறது; ஓசூர்த் தொழிற்சாலைகளில் பயிற்சிக்குப் போகும்போது கேட்கப்படுவது கைத்திறன். சால்டரிங் பழக, பழைய ரேடியோ, கெட்டுப்போன பொம்மை ஆகியவற்றின் பலகைகளிலிருந்து பொருள்களைக் கழற்றி மீண்டும் பற்றவைப்பது நல்ல வழி. சிஎஃப்எல் பல்பு, கைப்பேசி சார்ஜர் ஆகியவற்றின் பலகைகளை மட்டும் தொட வேண்டாம். 230 வோல்ட் மாறு மின்சாரத்தை நேர் மின்சாரமாக மாற்றியதும் அவற்றிலுள்ள கண்டென்சரில் ஏறத்தாழ 325 வோல்ட் தேங்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் நிற்கக்கூடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியருக்குத்தான் கிட்டைப் பரிந்துரைத்தேன். விடுமுறை இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். பேரப் பிள்ளைகள் ஏதாவது ஒன்றைச் செய்து முடித்து ஊருக்கு எடுத்துப் போக வேண்டும். வரைபடம் உள்ள கிட், சால்டரிங் தாத்தாவின் கையில், செருகுவது பிள்ளைகளின் கையில் என்று பிரித்துக்கொண்டால் நன்றாக நடக்கும். சால்டரிங் வேண்டாமென்றால் ஒரு சிறிய 400 துளைப் பலகையே போதும்.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது

இந்தக் கேள்வியும் நான்கு வழிகளோடு சேர்ந்தே வரும். 9 வோல்ட் பேட்டரி கைக்கு அடக்கமானது, ஆனால் விரைவில் தீர்ந்துவிடும். நான்கு ஏஏ செல்களைத் தாங்கியில் போட்டால் 6 வோல்ட் கிடைக்கும், பல மடங்கு நாள் வரும். மேசையில் செய்து பழக இதுவே நல்லது. பழைய கைப்பேசி சார்ஜரின் 5 வோல்ட் செலவில்லாதது. அப்போது எல்இடிக்கு 330 ஓம் வைத்தால் 9 மில்லி ஆம்பியர் ஓடும்.

ஆனால் தொட்டி அலாரத்திற்குச் சார்ஜரை வைக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். தரமற்ற சார்ஜருக்குள் காப்பு பழுதானால் 230 வோல்ட் அந்தக் கம்பி வழியாக வீட்டுத் தண்ணீருக்குள் வந்து சேரும். பேட்டரி மட்டுமே அங்கே பொருத்தம். தொட்டி நிரம்பாத நேரத்தில் இந்தச் சுற்று எடுத்துக்கொள்ளும் மின்சாரம் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம் என்பதால், 9 வோல்ட் பேட்டரியே பல மாதங்கள் வரும். அலாரத்தோடு நிற்காமல் ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து மோட்டாரையே நிறுத்த ஆசை வரும். அது 230 வோல்ட் வேலை, தெரிந்த எலக்ட்ரீஷியன் உடனிருக்கும்போது மட்டும் செய்ய வேண்டியது.

மேசையிலிருந்து தொட்டிக்கு

பிரெட்போர்டில் கற்றவர் ஒரு கட்டத்தில் டாட் போர்டுக்கு மாறியே ஆக வேண்டும். ஒரு வாரம் மேசையில் தவறாமல் ஒலித்த சுற்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றும்போது பிரெட்போர்டைக் கலைத்து அதே பொருள்களை எடுத்துப் பயன்படுத்தும் ஆசையை அடக்கிக்கொண்டு, இரண்டாவது தொகுதிப் பொருள்களில் டாட் போர்டைச் செய்யுங்கள். பிசி547இன் விலைக்கு இது பெரிய செலவில்லை. இரண்டும் பக்கத்தில் இருக்கும்போது, டாட் போர்டு ஒலிக்காவிட்டால், இரண்டின் கம்பிகளையும் ஒரே தம்ளர் ஆழ்துளைத் தண்ணீரில் விட்டு, மல்டிமீட்டரின் கருப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனையில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வோர் இடமாகத் தொட்டு ஒப்பிடலாம். ஒற்றை டிரான்சிஸ்டர் சுற்றானால் பிரெட்போர்டின் பேஸில் 0.7 வோல்ட் அளவும் கலெக்டரில் 0.2 வோல்ட்டுக்கும் குறைவாகவும் காட்டும். டாட் போர்டின் பேஸில் சுழி காட்டினால் தண்ணீரிலிருந்து பேஸ் வரையுள்ள பாதையில், பெரும்பாலும் 10கே ரெசிஸ்டரின் ஏதோ ஒரு காலில், இணைப்பு விட்டிருக்கிறது. பேஸில் 0.7 சரியாக வந்தும் கலெக்டரில் பேட்டரியின் அழுத்தம் அப்படியே நின்றால், கலெக்டரையும் எமிட்டரையும் இடம் மாற்றி வைத்திருக்கிறோமா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.